பலகையில் போட வேண்டிய பெயர்

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் என் பேத்தியும் மேலுக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. மற்ற நலமெல்லாம் பிறகு. அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், எழுத எழுதக் கை ஓய்ந்துபோனாலும் இதாவது உன்னிடம் இருக்கட்டும். என் பாட்டி, அதாவது அப்பாவைப் பெற்றவள், கதவுப் பக்கத்தில் தகரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். என் அப்பா, எல்லோரும் பூட்டுக்காரர் என்று கூப்பிட்ட உன் தாத்தா, சுவரோரம் போர்வைக்குள் இருந்தார். என் அம்மா அடுப்பருகே, ஏழு மாத வயிற்றோடு. என் சித்தப்பா ஜன்னலோரம் நின்றுகொண்டு. ஆள் சேர்க்கிற ஏஜென்ட், தோல்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அடுத்த அறைத் தையல்காரி, ஊசி கேட்க வந்தவள், வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள். அப்புறம் ஐந்தரை வயதில் நான். அம்மா வயிற்றுக்குள் உன் மாமா. அவனையும் சேர்த்தால் எட்டுப் பேர். அதில் ஆறு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நானும், வயிற்றுக்குள் இருந்தவனும்தான். அவன்தான் முந்தாநாள் வந்து, "அக்கா, அன்னிக்கு நடந்தது எனக்குத் தெரியாதா?" என்று என்னிடமே கையை நீட்டிப் பேசிவிட்டுப் போனான்.

உன் தபால் செவ்வாய்க்கிழமை வந்தது. நீ இருக்கிற நாட்டு ஆவண ஆபீசில் நகல் எடுத்து அனுப்பியிருந்த இரண்டு தாளையும் உன் தங்கை சின்னவள்தான் படித்துச் சொன்னாள், அவளுக்கே பாதி எழுத்து புரியவில்லை, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்தாள். நீ வேலைக்குப் போன நாடே அந்தக் காலத்தில் நம் ஊர் ஆட்கள் கப்பலேறிப் போன நாடாக அமைந்ததை நினைத்தால் எனக்கு என்னவோபோல் இருக்கிறது. லீவு நாளில் பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகாமல் பழைய பதிவேட்டுத் தூசியைத் தின்கிறாயே என்று மருமகள் கோபப்பட்டால் அவள்பக்கம்தான் நியாயம். நீ எழுதியிருந்தது இதுதான்: தாத்தா பெயரில், தாத்தாவின் அப்பா பெயரோடு, நம் ஊர் பெயரோடு ஒரு ஆள் அங்கே கப்பலில் வந்து இறங்கியிருக்கிறார், மூன்றாம் வருஷம் செத்துப்போயிருக்கிறார், ஆனால் தாத்தா என் பத்தாம் வகுப்புவரை உயிரோடு இருந்து என் சைக்கிள் பூட்டைத் திறந்து தந்தவராயிற்றே, இது எப்படி என்று. இங்கே பெயர் கொடுத்தபோது எழுதிய தாளில் வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு என்று அடையாளம் இருக்கிறது, அது தாத்தாவுக்குப் பொருந்துகிறது. அங்கே இறங்கியதும் டாக்டர் பார்த்து எழுதிய தாளில் தழும்பே இல்லை, இடது சுண்டுவிரலில் நுனி இல்லை என்று இருக்கிறது. ஆகவே எழுத்தர் ஆளை மாற்றி எழுதியிருப்பார் என்று நீ முடிவுகட்டிவிட்டாய்.

எழுத்தர் ஒரு தப்பும் செய்யவில்லை, பெரியவனே. ஆளை மாற்றியது நாங்கள்.

அந்தச் சுண்டுவிரல் என் சித்தப்பாவுடையது. அது போனது என்னால். நம் பழைய அறைக் கதவுக்கு அப்பா புதிதாக ஒரு பூட்டு போட்டிருந்தார், சும்மா இழுத்தாலே டக்கென்று சாத்திக்கொள்ளும். எனக்கு நாலு வயது, அந்தச் சத்தம் கேட்பதற்காகவே திறந்து திறந்து சாத்துவேன். ஒருநாள் சித்தப்பா நிலையில் கைவைத்து நின்றபோது சாத்திவிட்டேன். அவர் கத்தவில்லை. கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பதினாலு படி இறங்கிப் போனார், சாயங்காலம் வந்து, "பட்டறையில இழைப்புளி பட்டுடுச்சு" என்று பாட்டியிடம் சொன்னார். அவருக்கு மரப்பட்டறையில் வேலை, எல்லோரும் நம்பினார்கள். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சாகும்வரை அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். நானும் சொன்னதில்லை, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். சின்னவள் அந்தத் தாளில் 'இடது சுண்டுவிரல்' என்று படித்ததும் நான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அந்த ஊரில் யாரோ ஒரு டாக்டர் அவர் கையைப் பிடித்து, திருப்பிப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதிவைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வராத புத்தி அது.

வெளிநாட்டு வேலைக்குப் பெயர் கொடுத்தது உன் தாத்தா. தானாகத்தான் கொடுத்தார், யாரும் தள்ளவில்லை. மூன்று வருஷ ஒப்பந்தம், கையெழுத்துப் போட்டு, புருவத் தழும்பை எல்லாம் பதிந்து, தெரு முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. கிளம்ப வேண்டிய காலையில் காய்ச்சல் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பாட்டி எழுந்து போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "நெருப்பாக் கொதிக்குதே, இவனை எப்படி அனுப்புறது?" என்றாள். ஏஜென்ட், "கையெழுத்துப் போட்ட ஆள் ஏறலேன்னா போலீஸ் இங்க வரும்மா, எனக்கு வண்டியில ஒரு தலை குறையக்கூடாது, எந்தத் தலைன்னு நான் கேக்கல" என்றார். கேட்டுவிட்டு எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறந்து போ என்று சொல்லவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். அவருக்குப் பத்தொன்பது வயது. அப்பா போர்வைக்குள் இருந்தே, "மூணு மாசம் சமாளிடா, உடம்பு தேறினதும் நான் வந்து மாத்திக்கிறேன்" என்றார். ஏதோ பஸ்ஸில் இடம் மாற்றி உட்காருகிற மாதிரி. சித்தப்பா அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டார், தோளில் நிற்கவில்லை, தையல்காரி அந்த ஊசியாலேயே நின்ற நிலையில் இரண்டு தையல் போட்டுப் பிடித்துக் கொடுத்தாள். நான் சித்தப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். நன்றாகக் கேட்டுக்கொள், சித்தப்பாவின் காலை. அப்பாவின் காலை இல்லை.

அங்கே தபாலை ஆபீசில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்களாம். அதனால் அவர் அப்பாவாகவே எழுத வேண்டியிருந்தது. அண்ணி எதிரே நிமிர்ந்துகூடப் பார்க்காதவர், என் அம்மாவுக்கு 'அன்புள்ள மனைவிக்கு' என்று எழுதினார். அம்மா முதல் தடவை படித்துவிட்டு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னை 'என் மகளே' என்று எழுதினார். அப்பாவுக்கு 'அன்புள்ள தம்பிக்கு' என்று. மொத்தம் பதினொரு கடிதம் வந்தது, பதினொன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: 'தம்பி, நீ எப்போது வருகிறாய்?' அப்பா அதைப் படித்து மடித்து அரம் வைக்கிற பெட்டிக்கு அடியில் வைப்பார். பதில் எழுதும்போது மழை பெய்தது, பிள்ளைக்குப் பல் முளைத்தது என்று எல்லாம் எழுதுவார், அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது. மூன்றாம் வருஷம் ஒரு நீள உறை வந்தது. காய்ச்சலில் இறந்துபோனார் என்று அப்பாவின் பெயரைப் போட்டு அச்சடித்த தாள். என் அப்பா தன் சாவுச் செய்தியைத் தானே, தம்பியின் பெயரில் கையெழுத்துப் போட்டு வாங்கினார். வீட்டில் ஒருவரும் வாய்விட்டு அழவில்லை. அழுதால் யார் செத்தது என்று அக்கம்பக்கம் கேட்கும், பூட்டுக்காரர் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று கேட்கும். பாட்டி மட்டும் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள். வாளி நிரம்பி வழிந்து வாசல்வரை வந்தது. அன்றைக்கே கடிதம் பதினொன்றும் அடுப்புக்குப் போயிற்று. கேட்டவர்களுக்கெல்லாம் சின்னவன் வீட்டைவிட்டு ஓடிப்போய்விட்டான் என்று சொல்லியாயிற்று. நீயும் சின்ன வயதில் 'ஓடிப்போன சின்னத்தாத்தா' என்று கேட்டு வளர்ந்தவன்தானே. அந்த எட்டுப் பேரில் ஓடாமல் நின்றது அவர் ஒருத்தர். அவருக்கு அந்தப் பெயர்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம்பர் மட்டும் இருக்கிற அந்தப் பழைய தொழிலாளர் கல்லறைகளுக்குப் பெயர்ப் பலகை வைக்கப் போகிறார்கள், சித்தப்பா கிடக்கிற நூற்றுப் பதினாலாம் நம்பருக்குக் குடும்பத்தார் ஒன்றும் சொல்லாவிட்டால் பதிவேட்டில் உள்ள பெயரையே போட்டுவிடுவார்கள், மாற்ற வேண்டுமென்றால் உயிரோடு இருக்கிற சாட்சி எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் இந்த மாதக் கடைசிக்குள் வேண்டும் என்று எழுதியிருந்தாய். இதைச் சின்னவள் மாமாவுக்குச் சொல்லிவிட்டாள். அவன் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தான். "செத்தவங்களை எதுக்குக்கா கிளறணும்? அப்பா கோழைன்னு நீயே எழுதிக் குடுப்பியா? என் கடைவாசல்ல அவர் பேர் இருக்கு, பேரப்பிள்ளைங்க படிக்கிறாங்க" என்றான். நான் சொன்னேன், உன் கடைவாசலில் ஒரு பலகை, கடல்தாண்டி ஒரு பலகை, உங்கப்பாவுக்கு எத்தனை பலகைடா வேணும், சித்தப்பாவுக்கு ஒண்ணுகூட வேணாமா என்று. அதற்கு அவன், "நீ அழுது காலைக் கட்டிக்கிட்டதாலதான் அப்பா நின்னாருன்னு அவரே சொல்லியிருக்கார், உனக்கு உறுத்துது, அதான் இப்படி" என்றான். டீயைக் குடிக்காமலே இறங்கிப் போனான். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. முன்னே மாதிரி இருந்திருந்தால் படி இறங்கித் தெருவரைக்கும் போய்ப் பேசியிருப்பேன். இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன், டீ ஆடை கட்டிப்போயிற்று.

இரண்டு நாள் யோசித்தேன். சித்தப்பா பெயர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். அவர் இரண்டு வருஷம் படித்த பள்ளிக்கூடம் இடிந்து வாகனம் நிறுத்துகிற இடமாகிவிட்டது. பட்டறை எரிந்துபோயிற்று. அங்கே அவர் பெயர் இல்லை, இங்கேயும் இல்லை. என் வாயில்தான் இருக்கிறது, நான் போனால் அதுவும் இல்லை. ஆகவே சாட்சி எழுதிவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன். நாலு தடவை எழுதிக் கிழித்தேன், ஐந்தாவதுதான் இது. எழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை, நீ அழகாக எழுதி அதற்குப் பதிலாக வைத்துவிடாதே, என் கைதான் இருக்க வேண்டும். அவர் பெயரை மட்டும் தனித் தாளில் பெரிதாக எழுதியிருக்கிறேன். அந்தத் தாளை மடிக்காதே. உறவு என்று கேட்கிற இடத்தில் அண்ணன் மகள் என்று போட்டிருக்கிறேன். பதினொரு தடவை மகளே என்று எழுதியவர்தான், எனக்கும் அப்படிப் போட ஆசைதான், ஆனால் ஒரு பொய்யைத் திருத்த இன்னொரு பொய் வேண்டாம்.

யாருடைய முடிவு அது, பாட்டியா அனுப்பியது என்று நீ இனிக் கேட்பாய். விஷயம் தெரிந்த எல்லோரும் பாட்டியைத்தான் சொல்வார்கள், நானும் ரொம்ப நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். அவள் குழாயடியில் அழுததைப் பார்த்த பிறகு விட்டுவிட்டேன். ஏஜென்ட்டுக்கு அது தொழில். என் அம்மாவுக்கு வயிற்றில் பிள்ளை, புருஷன் வீட்டில் இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருப்பாள், அவளையும் விட்டுவிட்டேன். தையல்காரி ஊசியைத் திருப்பித் தரவேயில்லை, அதையும் விட்டாயிற்று. உன் மாமாவை வருகிற வாரம் நானே கூப்பிட்டுப் பேசிவிடுவேன், அவன் அறியாதவன், வயிற்றுக்குள் இருந்தவன்.

ஆனால் நான் ஒன்று பார்த்தேன். அன்றைக்கு ஏஜென்ட் படியேறி வருவதற்கு முன்னால், அம்மா குழாயடிக்கும் பாட்டி வாசலுக்கும் போயிருந்த நேரம், அப்பா சுடுதண்ணி டம்ளரை எடுத்து நெற்றியில் உருட்டினார், கழுத்தில் உருட்டினார், கன்னம் இரண்டிலும் உருட்டினார். நான் அவர் பக்கத்தில் படுத்திருந்தேன். அவர் கை குளிர்ந்து இருந்தது. என்னைப் பார்த்ததும் டம்ளரைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, "நீ தூங்கு" என்றார். பயம் எல்லோருக்கும் வரும், ஊசி போட வந்தால் எனக்கும் வருகிறது, பயந்ததற்காக நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் நாற்பது வருஷம், வந்தவர் போனவரிடமெல்லாம், என் கல்யாணப் பந்தலில்கூட, "இவ காலைக் கட்டிக்கிட்டு அழுததாலதான் நான் நின்னேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஐந்தரை வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு ஆளின் சாவை இறக்கி வைத்தார். கடைசிக் காலத்தில் சோறு ஊட்டியது நான், துடைத்துவிட்டது நான். ஒவ்வொரு வாய்க்கும் இப்போதாவது சொல்வாரா என்று பார்த்தேன். இன்னும் கொஞ்சம் உப்பு போடு என்றார்.

நீ அவர் மடியில் வளர்ந்தவன், உனக்கு அவர் நல்ல தாத்தா, அதை நான் கெடுக்க மாட்டேன், நீ பிரியமாகவே இரு. பலகை வைத்ததும் படம் எடுத்து அனுப்பு, பெயர் தெளிவாகத் தெரியட்டும், பேத்தியைப் பக்கத்தில் நிறுத்து. அவள் விரலைக் கதவிடுக்கில் வைக்காமல் பார்த்துக்கொள். மருமகளைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுசோடு, ஒருத்தர் பாரத்தை இன்னொருத்தர் தலையில் வைக்காமல் வாழ வேண்டும்.

உன் அம்மா,
நூற்றுப் பதினாலாம் நம்பர்க்காரரின் அண்ணன் மகள்.

சாட்சித் தாளில் எழுதாததை இங்கே எழுதுகிறேன், இது உனக்கு மட்டும். எட்டுப் பேரில் ஏழு பேர்மேல் எனக்கு இனி ஒன்றுமில்லை, அழுத அந்தச் சின்னப்பெண் உட்பட. ஒருத்தரை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். பூட்டுக்காரரை. என் அப்பாவை.