தெற்குச் சுவரில் மாட்டிய சாட்சி

என் செல்ல நைனாவுக்கு,

எங்கே இருந்தாலும் முதலில் ஓரிடத்தில் உட்கார்ந்துகொள். நின்றுகொண்டே கேட்கிற சேதி இல்லை இது. நீ சாட்சி சொல்லிவிட்டாய் நைனா. திருவள்ளூர் நுகர்வோர் ஆணையத்துக் காகிதத்தில் உன் படம் ஏறிவிட்டது. மாலையோடு, குங்குமத்தோடு, அந்த முறைப்போடு.

வாழ்நாள் முழுக்க நீ இரண்டு பேரைக் கண்டுதான் ஓடினாய். ஒருவர் சாட்சிக் கையெழுத்துக் கேட்கிறவர், இன்னொருவர் டாக்டர். என் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில் பேனாவை நீட்டியதும், "இரு, ஒரு டீ அடிச்சிட்டு வந்துடறேன்" என்று போனாய். சாயங்காலம் வீட்டில்தான் உன்னைப் பிடித்தோம். கேட்டதற்கு, "சாட்சின்னு போனவன் எவன் நல்லா வாழ்ந்துகினு கீறான்?" என்று எங்களையே கேட்டாய்.

டாக்டர் கதை அதைவிட மோசம். ராத்திரியெல்லாம் இருமுகிறாயே என்று அம்மா உன்னை இழுத்துக்கொண்டு போனாள். "சட்டையைத் தூக்குங்க, முதுகுல வெச்சுப் பாக்கணும்" என்று அவர் சொன்னதும், "முதுகுல இன்னா கீது? எலும்புதான் கீது" என்று எழுந்து வந்துவிட்டாய். கம்பி உருக்குகிற கம்பெனியில் வேலை செய்தவன் இருமாமல் பாடுவானா என்று எங்களை மடக்கினாய். நாங்களும் அதை நம்பினோம்.

சரி, சுவர் கதைக்கு வருகிறேன்.

உன் உழைப்பையெல்லாம் கொட்டி வாங்கிய இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்த அன்று, ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்து "கோட்டை மாரி கீதுடி" என்றாய். முதல் மழையிலேயே படுக்கையறைத் தெற்குச் சுவர் ஓதம் கண்டது. அடுத்த மழைக்குக் கறுப்புப் புள்ளி வந்தது. அதற்கடுத்த மழையில் புள்ளியெல்லாம் கைகோத்துப் பூசணமாகப் பூத்து மேலே ஏறியது. நீ போகிக்குப் போகி சுண்ணாம்பு அடித்து அதை மூடினாய். அது தைக்குத் தை தலை காட்டியது.

அப்புறம் ஒருநாள் காலையில், நாஷ்டா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். காரியம் முடிந்ததும் அம்மா உன் படத்தை எங்கே மாட்டினாள் தெரியுமா? "செத்தவங்க படம் தெக்குச் சொவத்துலதான் இருக்கணும்" என்று அதே சுவரில். ஹாலில் தெற்குப் பக்கம் வாசல்கதவு. வேறு இடமே இல்லை என்றாள்.

நீ விட்டுப்போன சொத்து மாதிரி, உன் இருமலையும் அம்மா எடுத்துக்கொண்டாள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சிரப் ஒன்று மாற்றி ஒன்றாகக் குடித்தாள். எதிர்வீட்டு மேரி அக்கா தூதுவளைக் கஷாயம் கொடுத்தார். தெருமுனை கிளினிக்கில் போகும்போதெல்லாம் ஓர் ஊசி. ஒன்றுக்கும் மசியவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் டி.பி.க்குச் சளி சோதித்தார்கள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று அவர்கள் சொன்னதும் அம்மாவுக்கு வந்ததே கோபம்! "ஒண்ணும் இல்லன்னா நான் இன்னா, நடிக்கிறனா?"

கடைசியில் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய், பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டரிடம் காட்டினேன். நான் வேலை பார்க்கிற பேக்கிங் செக்‌ஷனில் லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர் என்னை முறைத்தது தனிக் கதை. அந்த டாக்டரம்மா ஊசியும் எடுக்கவில்லை, சீட்டும் எழுதவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"வெளியூர் போனா இருமல் எப்படிம்மா இருக்கு?"

"எளாவூர்ல எந் தங்கச்சி வூட்டுக்குப் போனா நல்லாத்தான் கீறேன் டாக்டரம்மா. அவ சமையலு எனக்கு ஒத்துக்கிது."

"சமையல் இருக்கட்டும். உங்க வீட்டுல எந்த ரூம்ல படுக்கிறீங்க? சுவரெல்லாம் எப்படி இருக்கு?"

"சொவரா? அது கெடக்குது கறுப்பா" என்றாள் அம்மா, யாரோ வேண்டாத சொந்தக்காரனைப் பற்றிச் சொல்வதுபோல.

செல்லில் இருந்த சுவர்ப் படத்தைக் காட்டினேன். டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு குழாயைக் கொடுத்து அம்மாவை ஊதச் சொன்னார்கள். ஆம்பளைங்க எதிரில் வாயை உப்பிக்கொண்டு ஊதுவதா என்று அவள் வெட்கப்பட, அந்த டெக்னீஷியன் தம்பி பாவம், சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டே "ஊதுங்க, ஊதுங்க, இன்னும்!" என்று கத்தினான். கையில் சின்னச் சின்னதாகக் குத்தியும் பார்த்தார்கள். பூசணத்துக்கென்று குத்திய இடம் மட்டும் கொசு கடித்ததுபோல் தடித்துக்கொண்டது.

"பூசணத்துல இருந்து கண்ணுக்குத் தெரியாத தூள் பறக்கும்மா. அது ஒத்துக்காம உங்க மூச்சுக்குழாய் சுருங்குது. மருந்து நான் தருவேன். ஆனா அந்தச் சுவரை விட்டு நீங்க விலகலைன்னா, நான் தர்ற மருந்து ஓட்டைக் குடத்துல ஊத்துற தண்ணிதான்" என்றார். இதை எழுதித் தாருங்கள் என்று நான் கேட்டபோது, சோதனையில் கண்டதை மட்டும் சுத்தமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உறிஞ்சுகிற மருந்து ஒன்று கொடுத்தார்கள், வாயில் வைத்து அழுத்துவது. வெளியே தெரிந்தால் சீக்காளி என்பார்களாம், அதனால் அம்மா அதைச் சீரக டப்பாவில் ஒளித்து வைத்தாள். படுக்கையை ஹாலுக்கு மாற்றினேன். ஆனால் உன் படத்துக்கு ஏற்றுகிற விளக்கு? காலையும் மாலையும் அந்த அறைக்குள் போய், உனக்கு ஊதுபத்தி கொளுத்தி, உன்னிடம் நாள் கணக்கெல்லாம் ஒப்பித்து, இருமிக்கொண்டே வெளியே வருவாள். படத்தையாவது இறக்கி ஹாலில் வைக்கலாம் என்றால், "வருச திதி ஆவறதுக்குள்ள அவரை எறக்கக் கூடாது" என்றாள். எந்த சாஸ்திரம் என்று கேட்டேன். "எஞ் சாஸ்திரம்" என்றாள். உன் பெண்டாட்டியாயிற்றே.

ஃபிளாட் கட்டி விற்றவரிடம் போனேன். அவருடைய ஆள் வந்து பார்த்துவிட்டு, மேலே மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "நீங்க ஜன்னலைத் தொறக்கறதில்ல மேடம். ரசம் கிசம் ரொம்பக் கொதிக்க விடறீங்க. அந்த ஆவிதான் சுவத்துல ஏறுது" என்றான். ரசத்தைக் குறை சொன்னதும் அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டது. அதுவரை கேஸெல்லாம் வேண்டாம் என்றவள், "ஏய் தேவி, கேஸ் போடு" என்றாள்.

வக்கீலம்மா ஒருவரைப் பிடித்தேன். டாக்டர் சீட்டு, சோதனை ரிப்போர்ட்டு, மருந்து பில்லு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு திருவள்ளூரில் மனுப் போட்டார். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் போக, மீஞ்சூர் வழியாகச் சென்னை வரைக்கும் ரயிலில் போய், வேறு ரயில் மாறி மறுபடி இந்தப் பக்கம் வரவேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று பெரியவர்கள் சொன்னது நம் மாவட்டத்தைப் பார்த்துத்தான்.

எதிர்த்தரப்பு வக்கீல், செல்லில் எடுத்த படம் எந்த வீட்டுச் சுவரோ யார் கண்டது என்றார். அதனால் ஆணையம் சார்பில் ஒரு வக்கீல், ஓர் இன்ஜினியரோடு நேரில் வந்து பார்த்து அறிக்கை கொடுப்பது என்று முடிவானது. எங்கள் வக்கீலம்மா என்னிடம் படித்துப் படித்துச் சொன்னார்: "அவங்க வந்து பாக்குற வரைக்கும் சுவரைத் தொடாதீங்க. கழுவாதீங்க. அம்மா மூச்சு அந்தச் சுவத்துலதான் இருக்கு." நானும் அம்மாவிடம் சொன்னேன். அவளும் மண்டையை ஆட்டினாள்.

அன்றைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட். மத்தியானம் பர்மிஷன் போட்டு, வக்கீலம்மாவை ஸ்டேஷனில் இருந்து கூட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தால், குப்பென்று சுண்ணாம்பு வாசனை.

நைனா, நீ இருந்திருந்தால் ஓடியே போயிருப்பாய். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, போகிக்கு வாங்கியதில் மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கரைத்து, உன்னுடைய பழைய வெள்ளையடிக்கிற மட்டையாலேயே தெற்குச் சுவர் முழுக்கப் பூசி வைத்திருந்தாள். சும்மா பளிங்கு மாதிரி இருந்தது. கீழே கோலம் வேறு.

"இன்னாம்மா பண்ணி வெச்சிக்கீற!" என்று அலறினேன்.

"இன்னாடி கத்தற? நாலு பெரிய மனுசன் வர்ற எடத்துல அழுக்குச் சொவத்தைக் காட்டுவாங்களா? உங்க நைனா மானம் இன்னாவுறது?"

வக்கீலம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குள் அவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆணையம் அனுப்பிய வக்கீல், இன்ஜினியர், பில்டருடைய ஆள். அந்த ஆள் சுவரைப் பார்த்ததும் மாப்பிள்ளை மாதிரி சிரித்தான். "சுவரு சூப்பரா கீதே சார். எழுதிக்கோங்க" என்றான். இன்ஜினியர் ஈரம் பார்க்கிற கருவியை வைத்தார், முள் எகிறியது. "இப்பதானே சார் பூசிக்கீறாங்க, ஈரமாத்தான் காட்டும்" என்றான்.

ஆணையம் அனுப்பிய வக்கீல் பேனாவை மூடப் போனார். அம்மா எல்லோருக்கும் போண்டா எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை பேசுவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. சுண்ணாம்பும் பிளீச்சிங்கும் சேர்ந்து நெஞ்சை அடைக்க, தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். எல்லோரும் பார்க்கச் சீரக டப்பாவைத் திறந்து மருந்தை உறிஞ்சினாள். இவளையும் இந்தச் சுவருக்கே கொடுத்துவிடப் போகிறோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் உன்னைப் பார்த்தேன். சுவர் முழுக்க வெள்ளை. நீ மட்டும் மாலையோடு இருந்த இடத்திலேயே இருந்தாய். உன்னைச் சுற்றித்தான் பூசியிருக்கிறாள்!

"சார், அந்தப் படத்துக்குப் பின்னாடி பாருங்க" என்றேன். பில்டருடைய ஆளின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எறக்கக் கூடாது. இன்னும் வருசம் திரும்பல" என்று அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே குறுக்கே வந்து நின்றாள். வந்த வக்கீல் நல்ல மனிதர். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தவர், படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "நீங்க சொன்னாத்தாம்மா எடுப்போம்" என்றார்.

அம்மா உன்னையே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினாள்.

"யோவ், கொஞ்சம் எறங்கு. இந்த ஒரு தபா சாட்சி சொல்லிட்டு ஏறிக்க" என்று, தானே உன்னைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

பின்னால் அச்சு அசலாக உன் படத்தின் அளவுக்குக் கன்னங்கரேலென்று பூசணம். பச்சையும் கறுப்புமாக, பூனை மயிர் மாதிரி. "அது ஊதுபத்திப் புகை சார்" என்றான் அந்த ஆள். இன்ஜினியர் விரலால் ஓர் அழுத்து அழுத்தினார். பூச்சு ஈரச் சோறு மாதிரி பிதுங்கி வந்தது. "புகையில தண்ணி வருமாய்யா? இங்க சுண்ணாம்பும் படலியே" என்றார். கருவியை அங்கே வைத்தார், முள் மறுபடி எகிறியது. வந்த வக்கீல் படம் எடுக்கச் சொன்னார். அம்மா உன்னைக் கீழே வைக்க மாட்டேன் என்றதால் நீயும் அதில் விழுந்தாய்.

தீர்ப்பு நம் பக்கம் வந்துவிட்டது. மொட்டை மாடியைச் சரிசெய்து, சுவரை உடைத்துப் பூசி, வைத்தியச் செலவும் கொடுக்கச் சொன்னார்கள். வேலையெல்லாம் முடிகிறவரை அம்மா எளாவூரில் சித்தி வீட்டில் இருந்தாள். நீ உன் திதியையும் முடித்துக்கொண்டு, ஹாலில் டிவிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சீரியல் பார்த்தாய். போன வாரம் அம்மா மறுபடி குழாய் ஊதினாள். டெக்னீஷியன் தம்பி "ஊதுங்க" என்று ஒரு தடவைதான் சொன்னான்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும் நைனா. உன் இருமலும் இந்தச் சுவர் இருமல்தானா? டாக்டரம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "நான் பாக்காத நெஞ்சைப் பத்தி எப்படிம்மா சொல்லுவேன்?" என்றார். அன்றைக்கு ரயிலில் மீஞ்சூர் வரும்வரை அழுதேன். அந்த நாளில் ஒரு நிமிஷம் சட்டையைத் தூக்கியிருந்தால் என்னய்யா உனக்கு? இவ்வளவு கோபம் உன்மேல் எனக்கு இருக்கிறதென்று எனக்கே தெரியாது.

நாளைக்கு உன்னை மறுபடி தெற்குச் சுவரில் மாட்டப் போகிறோம். படத்தைச் சுவரோடு ஒட்டவைக்காதீர்கள், பின்னால் விரல் நுழைகிற அளவு காற்று போகட்டும் என்று இன்ஜினியர் சொல்லியிருக்கிறார். அம்மா காலியான இருமல் சிரப் பாட்டில் மூடிகளைத் தேடி எடுத்து, சட்டத்தின் நாலு மூலையிலும் ஒட்டியிருக்கிறாள். "இனிமே அவரும் மூச்சு வுடட்டும்" என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், மாசம் பிறந்தால் உன்னை இறக்குவேன். திருப்பி உன் முதுகைப் பார்ப்பேன். டீ குடிக்கிறேன் என்று இனி நீ எங்கேயும் எழுந்து போக முடியாது.

உன் மூக்கையும் உன் பிடிவாதத்தையும் அப்படியே வாங்கிக்கொண்டு பிறந்த,
உன் மூத்த மகள்
தேவி