பித்தம் என்றாள்

ஜூன் 18, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. செம்பூர் ஸ்டேஷன் பக்கம் கணுக்கால் தண்ணீர். ஆட்டோ இல்லை. நடந்தே ஆஸ்பத்திரி.

கொண்டுபோனவை: டம்ளர், துண்டு 2, போர்வை, கோமதியின் கண்ணாடி, ஆதார் நகல். மறந்தது: சீப்பு.

கோ.வுக்கு நேற்றைவிட மோசம். கண் மஞ்சள். சிறுநீர் டிக்காஷன் நிறம். வலி முதுகுவரை. பித்தப்பையிலிருந்து ஒரு கல் நழுவிக் குடலுக்குப் போகும் பொதுக்குழாயின் அடியில் அடைத்துக்கொண்டதாம். கணையமும் வீங்கிவிட்டது. டாக்டர் சின்னப் பெண், மராட்டிக்காரி. என்னிடம் ஹிந்தியில் பேசினாள். ரிப்போர்ட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினாள். தாராவித் தமிழ்ப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் நான் போட்ட அதே படம். கணையத்தைக் கொஞ்சம் சிறிதாகப் போட்டிருந்தாள். சொல்லவில்லை.

"கப் ஸே?" என்றாள். எப்போதிலிருந்து. "தோ ஹஃப்தா" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. கோ. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கல்யாணில் குடியிருக்கும் எங்கள் மகள் சுதா வந்து பக்கத்தில் நின்றாள். ஃபைலில் ஏறிவிட்டது: இரண்டு வாரம்.

ஜூன் 19, வியாழன்

தூறல். துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன், இந்த வருஷ டயரியைப் பின்னோக்கிப் புரட்டினேன்.

ஜன. 15. நேற்றுப் பொங்கல், நெய் அதிகம். கோ. பித்தம் என்றாள். இஞ்சிச் சாறு.

பிப். 17. திலக் நகரில் கல்யாணச் சாப்பாடு. கோ. மறுபடி பித்தம், வாந்தி. எலுமிச்சை.

ஏப். 15. நேற்று வருஷப்பிறப்பு, வடை. கோ. பித்தம் என்றாள். விளக்கினேன்.

மே 22. பூரி. கோ. பித்தம் என்றாள். விளக்கினேன்.

என்ன விளக்கினேன்? பித்தம் என்று ஒரு நோய் கிடையாது, கோமதி. தலை சுற்றினாலும் பித்தம், குமட்டினாலும் பித்தம் என்பது பாமரப் பேச்சு. கல்லீரலில் சுரப்பது பித்தநீர். அது செரிமானத்துக்கு. "சரி, சார்" என்றாள்.

பிள்ளைகள் விடைத்தாளில் வெறும் 'பித்தம்' என்று எழுதினால் சிவப்பு மையில் 'நீர்' சேர்த்து அரை மதிப்பெண் குறைப்பேன். வீட்டிலும் அதே மை.

நான்கு தடவையும் நெய், எண்ணெய். கொழுப்பு குடலுக்கு வந்ததும் பித்தப்பை சுருங்கும். உள்ளே கல் இருந்தால் வலிக்கும். தேதி போட்டு என் கையால் எழுதியிருக்கிறேன். ஒரு தடவையாவது சேர்த்துப் படித்திருக்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

மழை விட்டு வெயில். பதினோரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுப்பது. வெளியே பெஞ்சில் நான்.

பக்கத்துப் படுக்கைக்காரியின் அக்கா, தாராவி, திருநெல்வேலிப் பேச்சு: "அண்ணாச்சி, பித்தத்துக்குக் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தியளா?" இல்லை என்று தலையாட்டினேன். "பொறவு என்னதான் குடுத்திய?" பாடம் கொடுத்தேன் என்றா சொல்வது.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. பித்தநீர் அதைச் சிறு துளிகளாக உடைக்கும், அவ்வளவுதான். செரிக்க வைப்பது கணையத்தின் நொதி. துளி சிறுத்தால்தான் நொதிக்குப் பிடி கிடைக்கும். ஒன்றில்லாமல் மற்றது அரை வேலை. இரண்டும் குடலுக்குள் வருவது ஒரே வாசல் வழியாக. அங்கே கல் நின்றால் பித்தநீர் ரத்தத்துக்குத் திரும்பிக் கண் மஞ்சளாகும். கணையநீர் போக வழியில்லாமல் கணையத்தையே தின்னும். வகுப்பில் இதற்கு 'ஒற்றுமை' என்று தலைப்புக் கொடுப்பேன். நாற்பத்து நாலு வருஷம் ஒரு வீட்டில் இருந்தவனுக்கு நல்ல தலைப்பு.

ஒன்றரை மணி. கல் வந்துவிட்டது. பித்தப்பையில் இன்னும் இருக்கிறதாம்.

ஜூன் 21, சனி

புழுக்கம். கண்ணில் மஞ்சள் குறைவு. சீப்பு கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள்.

டாக்டர் வந்து முதல் தடவையாகக் கோ.விடமே கேட்டாள், மராட்டியில். "ஆஜி, பித்தாச்சா த்ராஸ் கதீபாஸூன்?" பாட்டி, பித்தத் தொல்லை எப்போதிலிருந்து. நீர் இல்லை, வெறும் பித்தம். மராட்டியிலும் அதே சொல். எம்.எஸ். படித்தவள் சொல்கிறாள். யார் மதிப்பெண் குறைப்பது?

கோ. சட்டென்று முகம் திருப்பினாள். காய்கறி மார்க்கெட் மராட்டியில், "ஸஹா மஹினே." ஆறு மாதம். அப்புறம், "கோணீ ஐகத் நாஹீ." யாரும் கேட்பதில்லை.

டாக்டர் ஃபைலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு வாரம்தான் என்று நினைத்து, திங்களன்று வீட்டுக்கு அனுப்பி ஒரு மாதம் கழித்து ஆபரேஷனுக்கு வரச் சொல்வதாக இருந்தார்களாம். இத்தனை தடவை வந்திருந்தால் பித்தப்பையை எடுக்காமல் அனுப்ப முடியாது, தேதிகள் தெரிந்தால் எழுதிக் கொடுங்கள் என்றாள்.

சுதா: "அப்பா, நீங்கதானே ரெண்டு வாரம்னு சொன்னீங்க?"

"ஞாபகமில்ல" என்றேன். முப்பத்தெட்டு டயரி அலமாரியில். எந்த வருஷம் எந்தத் தேதியில் மழை தொடங்கியது என்று கேட்டால் சொல்வேன்.

ஜூன் 22, ஞாயிறு

நல்ல மழை. நான்கு வரிகளையும் ஒரு தாளில் எடுத்தெழுதினேன். 'விளக்கினேன்' என்பதை விட்டுவிட நினைத்தேன். இரண்டு தாள் கிழித்தேன். மூன்றாவதில் உள்ளது உள்ளபடி.

டாக்டருக்கு இங்கிலீஷில் மாற்ற சுதாவிடம் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்வழி, என் பிள்ளைக்கு கான்வென்ட். அதுவும் என் ஏற்பாடுதான். படுக்கைக்குப் பக்கத்தில் நின்று விரல் வைத்து, வாய்விட்டு, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். வார்டே கேட்டிருக்கும்.

"கோ... பித்... தம் என்... றாள். வி... ளக்... கினேன்." நிறுத்தினாள். "வெளக்கினேன்னா? பாத்திரமாப்பா?"

கோ. கண்ணைத் திறக்காமல், "என்னைத்தாண்டி. போட்டு வெளக்கு வெளக்குன்னு வெளக்கினார்."

சுதா சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு மீதியை மனசுக்குள் வாசித்தாள். தாளை மடித்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் 25, புதன்

ஆபரேஷன் முடிந்தது. பித்தப்பையை ஒரு தட்டில் காட்டினார்கள். கற்கள் பதினொன்று, பெரியது கொண்டைக்கடலை அளவு. எண்ணினேன். எண்ணத்தான் தெரியும்.

ஜூன் 29, ஞாயிறு

தூறல். மதியம் வீடு. சுதா கல்யாணுக்குக் கிளம்பினாள். போகும்போது அம்மாவிடம், "எதுன்னாலும் எனக்கு நேரா போன் பண்ணு." வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என் காதில் விழ.

ஆகாதவை: நெய், தேங்காய், பூரி, வடை. ஆகும்: இட்லி, மோர், கஞ்சி. கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்து வேளை. கல்லீரல் வழக்கம்போல் பித்தநீரைச் சுரக்கும். சேர்த்துவைக்க இனி இடமில்லாததால் அது பாட்டுக்குக் குடலில் சொட்டிக்கொண்டே இருக்கும்.

ஐந்து மணி. மோர்க்கஞ்சி கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு வயிற்றில் கை வைத்தபடி இருந்தாள். என்ன செய்கிறது, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எந்த வார்த்தையில சொல்லணும், சார்?"