பூங்கா வாசல் அறிவிப்பு

சால்ட் லேக், கொல்கத்தா
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஸ்ரீநாத்துக்கு,

வித்யா எழுதுவது. போனில் பேச உட்கார்ந்தால் பத்தாவது மாடியில் தண்ணீர் வரவில்லை என்று இன்னொரு அழைப்பு வந்துவிடுகிறது. கடிதத்தை நடுவில் யாரும் வெட்ட முடியாது பாருங்கள், அதனால் இது.

உங்கள் பேங்க்கில் சிலிகுரிக்கு மாற்றல் போட்டு ஒன்பது மாதம். நம் மதுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அது ஆடத் தொடங்கியதே உங்களுக்குத் தெரியாது. அபார்ட்மென்ட் மானேஜரான எனக்குக் குவார்ட்டர்ஸ் வளாகத்துக்குள்ளேயே இருப்பது வசதி என்று வந்தோமே, இப்போது ஞாயிற்றுக்கிழமைகூடக் கதவைத் தட்டுகிறார்கள். சாம்பார் கொதிக்கும்போது லிஃப்ட் நின்றால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறேன். ஏழு வயதில் மது தயிர்சாதம் தானே பிசைந்து சாப்பிடுகிறாள்.

நேற்று குடியிருப்போர் கமிட்டி ஒரு அறிவிப்பு கேட்டது. ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளைகள் பூங்காவில் விளையாடக் கூடாதாம். எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனாலும் பெங்காலியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கையெழுத்துப் போட்டு ஒட்டினேன். துர்கா பூஜைக்குப் பிறகு எனக்குப் பதவி உயர்வு வரும் என்கிறார்கள். இப்போது போய் மல்லுக்கு நிற்க முடியுமா?

உங்கள்
வித்யா

சிலிகுரி
20 ஆகஸ்ட் 2024

அன்பு வித்யா,

விழுந்த பல்லைத் தூக்கிப் போட்டுவிடாதே, நான் பார்க்க வேண்டும்.

அந்த அறிவிப்பு எனக்கு நெருடுகிறது. உனக்குச் சம்பளம் கொடுப்பது அதே கமிட்டிதானே? அப்படியானால் நம் மது யார் வீட்டுப் பிள்ளை? கோபித்துக்கொள்ளாதே.

இங்கே இரண்டு அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறேன் என்று எத்தனை தடவை சொன்னேன், நீ பதிலே சொல்லவில்லை. வேலையை விடு என்று சொல்ல வாய் வரவில்லை. பத்து வருஷம் படிப்படியாக ஏறி வந்தவள் நீ. ஆனால் மூச்சுவிட இடமில்லாமல் இருக்கிறாய் என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது.

அன்புடன்
ஸ்ரீநாத்

சால்ட் லேக்
5 செப்டம்பர் 2024

அன்புள்ள ஸ்ரீநாத்துக்கு,

நீங்கள் கேட்டதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஸ்டாஃப் என்றால் காவலாளிகளும் துப்புரவு செய்பவர்களும் என்றே நினைத்திருந்தேன். நான் மானேஜர் அல்லவா.

போன வாரம் மது ஊஞ்சலில் இருந்தாள். கமிட்டிச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, சிரித்த முகத்தோடுதான், "ஆப்னியோ தோ ஸ்டாஃப், மேடம்" என்றார். நீங்களும் ஸ்டாஃப்தானே என்கிறார். நானே போய் அவளை இறக்கினேன். ஏன் என்று கேட்டவளுக்கு அறிவிப்பைக் காட்டினேன். தமிழைவிட பெங்காலி அவளுக்கு நன்றாக வரும். என் கையெழுத்துவரை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். நேற்று மாலை பூங்கா வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்று, காவலாளியின் மகள் ரிங்குவை மறித்துக்கொண்டிருந்தாள். ரிங்குவுக்கு நாலு வயது. பெங்காலியில் மது அவளிடம் சொன்னது இதுதான்: "உள்ளே போகக் கூடாது. நாமெல்லாம் ஸ்டாஃப். எங்கம்மாவே எழுதியிருக்கா."

இன்று காலை ராஜினாமா கொடுத்துவிட்டேன். அறிவிப்பைக் கிழித்தெறிந்தேன் என்று எழுத ஆசைதான், கிழிக்கவில்லை. இரண்டு மாத நோட்டீஸ் முடியும்வரை அது அங்கேதான் இருக்கும், நானும் இங்கேதான். சிலிகுரி வீட்டுக்காரரிடம் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

மதுவிடம் இன்னும் எதுவும் பேசவில்லை. அந்த அறிவிப்பு தப்பு என்று சொன்னால், தெரிந்துமா கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பாள். அப்போது எனக்கு நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். சனிக்கிழமை வந்துவிடுங்கள்.

வித்யா