முன்னுச்சிக் கொண்டை

இன்று காலை பேத்தியின் பையைத் திறந்தேன். உங்கள் பழைய தோல்பந்தை ராசிக்கென்று உள்ளே வைத்திருக்கிறாள். தோலும் அதற்குப் பூசும் கொழுப்பும் கலந்த அந்த மணம் முகத்தில் அடித்ததும் பையை மூடிவிட்டேன், சின்யோர்.

இங்கிலாந்தில் இருபது வருடம் ஒரே கால்பந்துக் கழகத்துக்குப் பின்வரிசையில் நின்று தடுத்து ஆடியவர் நீங்கள். மனைவியின் ஊரென்று இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்து, அவரும் போனபின் கால்சாப் பகுதி வீட்டில் தனித்துப்போனீர்கள். நான் சமைக்கவும் துடைக்கவும் வந்து, ஐயா என்பதை இந்த ஊர்ப் பேச்சில் சின்யோர் என்று சொல்லப் பழகியவள். மழையில் நனைந்தால் பந்து கல்லாகிவிடும், அதையும் நெற்றியால்தான் அடித்துத் திருப்புவோம் என்று சிரிப்பீர்கள். நோகாதா என்று கேட்டேன். "பயந்தாலும் கண்ணை மூடக்கூடாது" என்றீர்கள். அந்தச் சொல்லுக்காக உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

என்மேலும்தான். பள்ளி விட்டதும் பேத்தி அங்கே வருவாள். நீங்கள் பந்தை மெல்ல எறிய, தலையால் திருப்பி அடிப்பாள். நான் பக்கத்தில் நின்று கைதட்டினேன்.

பிறகு உங்களுக்கு மறதி வந்தது. சாப்பிட்டதை மறந்தீர்கள், மனைவி செத்ததை மறந்தீர்கள். சூடு ஏறிவிட்டதென்று நினைத்து உச்சியில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தேன். ஒரு மத்தியானம் சூப்போடு வந்த என்னைக் கதவடியில் மறித்தீர்கள். இரண்டு கையையும் விரித்து, முழங்காலை மடித்து, இமைக்காமல். இந்தப் பக்கத்தால் ஒருவரும் போக முடியாது என்றீர்கள். ஐந்து வருடம் சோறு போட்டவளை உங்களுக்குத் தெரியவில்லை. சூப் ஆறும்வரை நின்றேன். தலையில் வாங்கிய பந்துகளால் இருக்கலாம், மூளை உள்ளே குலுங்கும் என்றார் டாக்டர்.

உங்கள் செத்தவீட்டுக்கு வந்த மகன் பதக்கங்களை எடுத்துக்கொண்டு பந்தை எங்களிடம் தள்ளிவிட்டுப் போனார். அதையும் நான் மறக்கவில்லை.

இன்று பேத்திக்கு முதல் போட்டி. அவளையும் பின்வரிசையில்தான் நிறுத்தினார்கள். தலையால் அடிக்காதே என்று கெஞ்சினேன்.

"சின்யோரும் அடிச்சவர்தானே, அம்மம்மா."

"அடிச்சுத்தான் என்னை ஆரெண்டு தெரியாமல் போனவர்."

எண்ணெய் வைத்துப் பின்னி, பின்னலை முன்னுச்சிக்கு இழுத்துத் தடிப்பாகக் கொண்டை போட்டேன். பந்து அதில் படட்டுமென்று. இறுக்காதேங்கோ, நோகுது என்றாள். நோகட்டும் என்றேன். கொண்டை மூளையைக் காக்காது என்று எனக்கும் தெரியும்.

பந்து உயர எழும்பி அவள் பக்கம் இறங்கியபோது கண்ணை மூடப் போனேன். உங்கள் சொல் விடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். கொண்டையில் பட்டுத் திரும்பியது.

ஆட்டம் முடிந்து வந்தவளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நான் ஆர் என்று கேட்டேன். "அம்மம்மா" என்று சிரித்தாள்.

இனி ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் கேட்பேன், சின்யோர்.