யானையை யாரும் நம்பவில்லை

புதுத் தோட்டம், கூடலூர் பக்கம், நீலகிரி
12.3.1974

என் பெருமைக்குரிய மருமகள் பேச்சிக்கு,

நீலகிரி மலைகளின் ஓட்ட மகாராஜாவும் உன் ஒரே தாய்மாமனுமாகிய லிங்கசாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் இரண்டு கால்களும் சௌக்கியம். அங்கே சிலோனில், அட்டன் தோட்டத்து லயத்தில் நீயும் உன் அப்பா, என் மச்சான் அழகையாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதக்கூடாதா? கை தேய்ந்துவிடுமா?

இதில் நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று என் தலையிலேயே கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்.

அங்கே துரையின் தப்பால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கும் தபாலாபீசுக்கும் ஓடியே வயதான கால் இது. கப்பலேறி வந்ததும் காட்டை வெட்டித் தேயிலைக் கன்று நடு என்றார்கள். கால் கோபித்துக்கொண்டது. நான் தூங்கினாலும் அது தனியாக ஓடப் போய்விடுகிறது. ஆகவே விடிந்ததும் நானும் கூடவே ஓடுகிறேன். பை இல்லாமல் ஓடினால் தோள் கோணுகிறது. மாச்சாக்கில் காய்ந்த புல்லை அடைத்து மாட்டிக்கொண்டேன்.

டீக்கடைக் கந்தன் கேட்கிறான்: “ஏனுங்க, சாக்குல என்னங்க கொண்டுட்டுப் போறீங்க?”

“இங்கிலாந்து ராணிக்கு அவசரத் தபால்” என்றேன்.

“அப்ப டீ குடிக்க நேரமிருக்காதுங்களே” என்று கிளாசை உள்ளே எடுத்துவிட்டான். பாவி.

போன வாரம் தெப்பக்காடு வரை போனேன். முகாமில் நின்ற ஆண் யானை, ‘வர்றியா?’ என்று காதை ஆட்டியது. ஓடினோம். பாதி வழியில் யானைக்கு மூச்சு வாங்கிவிட்டது. தும்பிக்கையைப் பிடித்துக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பாகனிடம் ஒப்படைத்தேன். திரும்புகிற வழியில் பைக்காரா அருவியில் வாய் வைத்துக் குடித்தேன். அருவி வற்றிக் கரண்டு நின்றுபோய் ஊட்டி முழுக்க இருட்டாம். மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறேன்.

மற்றபடி, எனக்கு ஓட்டு வீடு ஒன்று ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு அறை, வாசலில் குழாய். சாவி என் இடுப்பில்தான்.

நீயும் காலையில் எழுந்து ஓடு, பேச்சி. தோட்டத்துப் போட்டியில் பையன்களையெல்லாம் முந்தினவள் நீ. ஓடினால் பசி மறக்கும். ஒவ்வொரு மேட்டிலும் ஒரு புதுப் பொய் தோன்றும். அதைப் பிடித்து எனக்கு எழுது.

உலகம் போற்றும் உன் மாமன்,
லிங்கசாமி

*

மேல்கணக்கு லயம், அட்டன்
4.4.1974

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை லயத்து வாசலில் நின்று சத்தமாக வாசித்தேன். யானைக்கு மூச்சு வாங்கின இடத்தில் ஆண்டாயி பெரியம்மா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி உட்கார்ந்துவிட்டார். இந்த லயத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை மாதமாயிற்று! வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. கோதுமை மா கிடைப்பதில்லை. ரொட்டிக் கடையில் பாணுக்கு விடியுமுன்னே வரிசை நிற்கிறது.

நீங்கள் சொன்னபடி மறுநாள் ஓடினேன். ஏலக்காய் ஸ்டோர் மேட்டில் கண் இருட்டி விழுந்தேன். ஓடினால் பசி மறக்கும் என்பது பொய், மாமா. ஓடினால் பசிக்கிறது.

இனி எழுதுவதைக் கோபிக்காமல் படியுங்கள். யானையை யாரும் நம்பவில்லை. அருவியை நம்பவில்லை. வீட்டை அப்பா நம்பிவிட்டார். இத்தனை நாள் இந்தியா வேண்டாம், இங்கேயே பிரஜாவுரிமைக்கு எழுதிப் போடுவோம் என்றிருந்தவர், “ரெண்டு காம்பரா, வாசல்ல பைப்பு, இனி என்னடி யோசனை?” என்று எங்கள் இரண்டு பேருக்குமாக இந்தியாவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பாஸ்போர்ட் வருவதற்கு முன் எழுதிக் கொடுத்தால் நிறுத்தலாம் என்கிறார் கிளாக்கர்.

ஒரே ஒரு தடவை உண்மை சொல்லுங்கள். வீடு இருக்கிறதா?

உங்கள்,
பேச்சி

*

கூடலூர்
20.4.1974

பேச்சிக்கு,

வீடு இல்லை. சாவியும் இல்லை.

தகரக் கொட்டகையில் ஐந்து குடும்பத்துக்கு நடுவே ஒரு சாக்குப் படுதாவுக்குப் பின்னால் படுக்கிறேன். நட்ட கன்றுகள் பறிக்கிற பருவத்துக்கு வரவில்லை. வேலை உள்ள நாளைவிட இல்லாத நாள் அதிகம். என்னோடு கப்பலில் வந்தவர்களில் பாதிப் பேர் கீழே இறங்கிப் போய்விட்டார்கள். எங்கே என்று தெரியாது. பொன்ராஜ் குடும்பம் கோயம்புத்தூர் ஸ்டேஷனில் கையேந்துவதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இங்குள்ளவர்கள் நம்மைச் சிலோன்காரன் என்கிறார்கள். அங்கே நம்மை இந்தியாக்காரன் என்றார்கள்.

யானைக்குப் பக்கத்தில் வைத்தேனே, வீடும் ஒரு யானை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

அப்பாவை நிறுத்து. கிளாக்கரிடம் எழுதிக் கொடு. வராதீர்கள்.

இந்தக் கடிதத்தைச் சாக்கில் போட்டுக்கொண்டு இப்போதே கூடலூர் தபாலாபீசுக்கு ஓடப்போகிறேன்.

லிங்கசாமி

*

மண்டபம் முகாம்
28.11.1974

அன்புள்ள மாமாவுக்கு,

தலைமன்னாரில் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்து நாலு நாளாகிறது. உங்கள் கடிதம் நேரத்துக்கு வந்துவிட்டது. தப்பால்காரர் போட்ட தபால் தப்புமா?

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது. “லிங்கசாமி பொறந்ததுலருந்து ஒரு உண்மை பேசி நான் கேட்டதில்ல. இப்ப மட்டும் பேசுறானா? வீடு இருக்குடி. நாம வந்து ஒட்டிக்குவோமுன்னு பயந்துட்டான். அவன் அக்கா செத்தா இந்த மச்சானும் செத்தானா?” என்றார். உங்கள் கடிதத்தில் ஒரு கேலிகூட இல்லையே, அதனாலேயே அது உண்மை அப்பா என்று நான் அழுதேன். “ஒனக்கு ஒன் மாமனத் தெரியாது” என்று சொல்லிவிட்டார். அட்டன் ஸ்டேஷனில் கோச்சி நகர்ந்தபோது லயமே அழுதது. அப்பா மட்டும் அழவில்லை. வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று முகாமில் கேட்டார்கள். நீலகிரி என்று எழுதச் சொன்னார். அடுத்த வாரம் அனுப்புகிறார்களாம். வாசலில் வந்து நின்று உங்களை நாலு வார்த்தை கேட்கவேண்டுமாம். வாசலே இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்ல?

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசை. எழுதினால் அதுவும் நம் குடும்பத்துப் பொய்யாகிவிடும். ஒன்று கேட்கிறேன். விடியற்காலையில் ஓடுவதாக எழுதினீர்களே, அதுவாவது நிஜமா?

பேச்சி

*

கூடலூர்
2.12.1974

மருமகளே,

உன் கடிதம் வந்தது. நீ சிரிக்கும்படி ஒரு பொய் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். புலியைக் கூப்பிட்டேன், வரவில்லை. ஊட்டி ஏரியை ஒரே தாவலில் தாண்டப் பார்த்தேன், கரையிலேயே நின்றுவிட்டேன்.

நீங்கள் வருகிற நாள் தெரியாது. ஆனதால் தினமும் சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்தில் நிற்பேன். மச்சான் என்னை அடித்தால் அடிக்கட்டும். நீ குறுக்கே வராதே. படுதாவை ஒரு முழம் தள்ளிக் கட்டக் கேட்டேன். பக்கத்துப் பகுதிக் கருப்பம்மா, “எம் புள்ளைக காலை எங்க நீட்டும், அண்ணே?” என்றாள். பிறகு அவளே சுருக்கிக்கொண்டாள். மூன்று பேர் படுக்கலாம், ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்திருந்தால். வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பார்ப்போம் என்றார்கள். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

தெப்பக்காட்டுக்கு நான் போனதே இல்லை. பைக்காரா அருவியின் சத்தம்கூடக் கேட்டதில்லை. ஓட்ட மகாராஜாவும் இல்லை. பாதித் தூரம் நடைதான். முழங்கால் வீங்கியிருக்கிறது.

ஆனால் ஓடுகிறேன். தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் செங்குத்தாக ஓர் ஏற்றம். அங்கே நெஞ்சு அடைத்துக் கண் இருட்டும்போது, ஒரு நாலைந்து எட்டுக்கு, நான் எந்த நாட்டில் ஓடுகிறேன் என்பது எனக்கு மறந்துபோகிறது. பிறகு இறக்கம். எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

நாலைந்து எட்டுதான், பேச்சி. அதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

உன் மாமன்,
லிங்கசாமி