முதல் வளைவில் ஓங்கிய கை

இன்று பொழுது சாய, தோட்டத்து ஜீப்பு எங்கள் வாசலில் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. இறங்கிய பெண்களின் சேலையிலிருந்து பச்சை ஏலக்காய் வாசம் வீட்டுக்குள் வந்தது. பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. உன் சேலையிலும் இதே வாசம்தான்.

ஊரில் மறுபடியும் பேச்சு சரியில்லை. யாரோ போனில் எதையோ போட்டுவிட்டார்கள். இரண்டு தெரு இளவட்டங்களும் முறைத்துக்கொண்டு திரிகிறார்கள். நாளைக்கு அமைதிக் கூட்டம். அந்தக் குழுவில் என் பேத்தியையும் சேர்த்திருக்கிறார்கள். உத்தமபாளையத்தில் காலேஜ் படிக்கிறவள். நம் ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தி அந்த நாற்காலியில் உட்காருவது இதுதான் முதல் தடவை. கடைக்குப் போகிற வழியில் நாலு பேரிடம் நானாகவே சொல்லிவிட்டு வந்தேன்.

அவள்தான் கேட்டாள். "அப்பத்தா, நீங்க ரெண்டு தெருவும் ஜீப்பு மாத்தி ஏறுனீகளாமே, அது எப்பிடி ஆரம்பிச்சுச்சு? கூட்டத்துல சொல்லணும்."

"ஒத்துமையா இருக்கணும்னு ஏறுனோம்" என்றேன். அதை அப்படியே நோட்டில் எழுதினாள்.

சாமி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று தொடங்கிய தகராறு அது. உங்கள் தெருவில் ஒருவருக்குக் கை முறிந்தது. எங்கள் தெருவில் வைக்கோல் போர் எரிந்தது. அதுவரை ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து தோட்டத்துக்குப் போன நாம், தெருவுக்கு ஒரு ஜீப்பாகப் பிரிந்தோம்.

ஒரு சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். கொட்டத்துக்குப் பின்னால் என் மூத்தவன் இரண்டு பேரோடு கல் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. "விடியக்காலையில அவிங்க ஜீப்பு மொத வளைவுல மெதுவாத்தான் ஏறும்" என்றான்.

"என்னலே செய்யுற?"

"ஒனக்கென்ன? உள்ள போ."

அன்று ராத்திரி அவன் வீடு திரும்பவில்லை.

விடியும் முன்னே எழுந்து நடந்தேன். தெருமுனையில் காவலுக்குப் போட்டிருந்த போலீஸ்காரரைத் தாண்டித்தான் போனேன். வாய் திறக்கவில்லை. உங்கள் ஜீப்பில், டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

"ஏத்தா, ஒங்க ஜீப்பு அங்கன நிக்குது. கண்ணு மங்கிப்போச்சா?" என்றாய்.

"அதுல எடமில்ல."

"எடமில்லையா! ரெண்டு ஆட்டையும் சேத்து ஏத்தலாம்போலக் கெடக்கு."

பின்னாலிருந்து ஒருத்தி, "அம்மா வேவு பாக்க வந்திருக்காக" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. என் கண் மலைப்பாதையிலேயே இருப்பதைப் பார்த்தாய். பின்னாலிருந்து இறங்கி வந்து, என்னை நெருக்கித் தள்ளிவிட்டு, கதவோரம் உட்கார்ந்தாய்.

அடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி ஜீப்பு மலை ஏறியது. முதல் வளைவில் டிரைவர் கியரை மாற்றினார். விளக்கு வெளிச்சத்தில் மூன்று பேர், முகத்தில் துண்டு கட்டி நின்றார்கள். நடுவில் நின்றவன் கை ஓங்கியிருந்தது. பெற்றவளுக்கு அந்தத் தோள் தெரியாதா? நான் முன்னால் சாய்ந்து அவனையே பார்த்ததில் உனக்குப் புரிந்துவிட்டது. நீதான் தலையை வெளியே நீட்டினாய்.

"ஏலே! ஒங்காத்தா இங்கன இருக்கா. எறியிறதுன்னா இந்தப் பக்கமாப் பாத்து எறி!"

ஓங்கிய கை ஓங்கியபடியே இருந்தது. ஜீப்பு அவனை உரசுகிற மாதிரி கடந்தது. பின்னால் கல் விழுந்த சத்தம் கேட்டது. விழுந்தது தரையில்.

அன்று ஏலச்செடிக்கு அடியில் காய் எடுக்கும்போது நீ மெதுவாகக் கேட்டாய். "தெரிஞ்சுதான ஏறுன? ஒரு வார்த்த சொல்லியிருந்தா வண்டியவே எடுத்திருக்க மாட்டோமே. எதுக்குத்தா சொல்லல?"

நான் அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டேன். நீ அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

மறுநாள் எங்கள் ஜீப்பின் முன்சீட்டில் நீ வந்து ஏறினாய். அதற்கடுத்த நாள் உன்னோடு இன்னொருத்தி. யாரும் கூடிப் பேசி வைத்த ஏற்பாடு இல்லை. தினமும் அந்தத் தெருப் பெண்கள் இரண்டு பேர் இதில், இந்தத் தெருப் பெண்கள் இரண்டு பேர் அதில். தன் தாய் எந்த வண்டியில் போகிறாள் என்று தெரியாதவனுக்குக் கல்லெடுக்கக் கை வரவில்லை. அடுத்த காய் எடுப்புக்குள் பழையபடி ஒரே வண்டியில் மடிமேல் மடியாக உட்கார்ந்தோம்.

ஆனால் இன்று நோட்டில் பேத்தி எழுதிய அந்த 'ஒத்துமை'யைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் அவள் அப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்பன் என்றால் அவளுக்கு உயிர்.

"அத அடிச்சிரு தாயி" என்றேன். நடந்ததைச் சொன்னேன். "கல்லோட நின்னது ஒங்கப்பன்" என்று முடித்தேன்.

அவள் அப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன்.

"சாக்கு நெறையா இருந்துச்சும்மா. கொறச்சுச் சொல்லாத" என்றான். பிறகு மகளைப் பார்த்து, "நாளைக்கு நானும் வாரேன். இத நீ சொல்ல வேணாம். நான் சொல்றேன்" என்றான்.

அவன் அத்தனை பேர் முன்னால் சொல்லத் துணிந்த பிறகு, நான் உன் ஒருத்தியிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? போலீஸுக்குப் பயந்து நான் மறைக்கவில்லை. என் மகன் கல்லெடுத்தவன் என்று நீ தெரிந்துகொள்வாயே என்கிற வெட்கம். அந்த வெட்கத்துக்காக உங்கள் அத்தனை பேரையும் வளைவு வரைக்கும் கூட்டிப் போனேன். தைரியசாலி என்று ஊர் சொன்னபோது தலையாட்டிக்கொண்டேன்.

அதைத்தான் இன்னும் சுமக்கிறேன். எல்லாம் தெரிந்தும் மறுநாள் நீ எங்கள் ஜீப்பில் வந்து ஏறினாயே, அதையும்.