சேலைக்குள் ரிவால்வர்

மேரு, 12 ஆகஸ்டு 1932, வெள்ளி இரவு

சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை! போன மாதம் ரப்பர் விற்ற பணத்தை வழிமறித்துப் பிடுங்கினார்களே, இனி வரட்டும். லைசென்ஸ் கிடைத்து, இன்று தம்பியோடு கோலாலம்பூர் போய் ரிவால்வர் வாங்கிவிட்டேன்.

கடைக்காரர் தம்பியிடமே எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, வச்சுக்கப்போறது நான்" என்றேன். பெரியதாக ஒன்றை நீட்டினார். அம்மிக்குழவி கனம். தோட்டா போடாமல் இடுப்பில் செருகி, கடைத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். விலாவில் குத்தியது. அடுத்தது குட்டி. சாவிக்கொத்தை எடுத்து வைத்துவிட்டு அந்த இடத்தில் செருகினேன். உட்கார்ந்தேன், குனிந்தேன், எழுந்தேன். இருப்பதே தெரியவில்லை! கடைக்காரர் வாயைப் பிளந்தார்.

வீட்டு வாசலில் வந்து இடுப்பைத் தடவினேன். ரிவால்வர் இருந்தது. சாவிக்கொத்து கடை மேசையிலேயே கிடக்கிறது.

"சுட்டுத் தொற அக்கா!" என்று தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு காடு வெட்டும் பாராங்கத்தியால் நெம்பினான். பூட்டு தாழ்ப்பாளோடு பெயர்ந்து வந்தது.

இப்போது தலையணைக்கடியில் ரிவால்வர். வாசல் கதவை மாடு கட்டும் கயிற்றால் கட்டியிருக்கிறேன்.